எங்கள் ஊர் பழைய ஹால் எப்போது கட்டப்பட்டது? பழுது பார்க்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கேட்டவர்: தேயிலைமேடு

அனைவருக்கும் வணக்கம். குன்னூரிலிருந்து கோத்தகிரி செல்லும் வழியில் உள்ள ஒரு சிற்றூரைச் சேர்ந்தவன் நான். எங்கள் ஊர்க் கடைவீதிக்கு மேலே, சாலையிலிருந்து பதினொரு படி ஏறினால், ஓட்டுக்கூரை போட்ட பொது மண்டபம் ஒன்று இருக்கிறது. அதற்கு முறையான பெயர் எதுவும் இல்லை. ஊரார் எல்லோரும் பழைய ஹால் என்றே சொல்வார்கள். திருமணம், தேர்தல் வாக்குப்பதிவு, தடுப்பூசி முகாம், மாணவர் நாடகம் என்று எல்லாமே அங்கேதான் நடந்திருக்கின்றன. என் பெற்றோரின் திருமணமும் அங்கேதான் நடந்தது.

இப்போது அதைப் பழுது பார்க்கப் பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால், போடப்பட்டிருக்கும் திட்டத்தைக் கேட்டபோது கவலையாகிவிட்டது. சுவர்ப்பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்துவிட்டு சிமென்ட் பூசுவது, பலகைத் தளத்தைப் பெயர்த்துவிட்டு டைல்ஸ் பதிப்பது, ஓடுகளை இறக்கிவிட்டுத் தகரம் போடுவது என்று மூன்று வேலைகளைக் குறித்திருக்கிறார்கள். இவை முடிந்த பிறகு அந்தக் கட்டடத்தில் பழையதென்று எதுவும் மிஞ்சாது என்று தோன்றுகிறது. மாற்று யோசனை இருந்தால் எழுதிக் கொடுங்கள் என்று ஊர்க்கூட்டத்தில் சொன்னார்கள். அதற்காகத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

நான் டேப் வைத்து அளந்ததைத் தருகிறேன். உட்புறம் 48 அடி நீளம், 24 அடி அகலம். சுவரின் கனம் ஏறக்குறைய 21 அங்குலம். அடித்தளம் கருங்கல், மேலே செங்கல். கூரையில் ஐந்து பெரிய மரச் சட்டகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு செங்குத்துக் கட்டை உண்டு. ஒரு கோடியில் கணப்படுப்பு, மறு கோடியில் மேடை. சுவரின் அடிப்பகுதியில் இடுப்பளவுக்கு ஈரம் ஏறி, வெண்ணிறமாக உப்புப் பூத்திருக்கிறது. மேடைப் பக்கத்துப் பலகைகள் காலை வைத்தால் அமுங்குகின்றன.

வயதைப் பற்றி ஊரில் ஒருமித்த கருத்து இல்லை. ஓட்டின் அடிப்புறத்தில் 1865 என்று பதிந்திருப்பதால் அதுவே கட்டிய ஆண்டு என்கிறார்கள் பெரியவர்கள். முகப்புச் சுவரில், வாசலுக்கு வலப்புறம், இரண்டடி அகலத்தில் ஒரு செவ்வகத் தடம் இருக்கிறது. அதன் நான்கு மூலைகளிலும் ஆணித் துளைகள் உள்ளன. கல்வெட்டுப் பலகை ஒன்று அங்கே இருந்து எப்போதோ கழற்றப்பட்டிருக்கிறது. அதில் என்ன எழுதியிருந்தது என்று சொல்ல இப்போது ஊரில் யாரும் இல்லை.

என் கேள்விகள் இரண்டு. பலகை இல்லாத நிலையில் கட்டிய காலத்தை எப்படிக் கணிப்பது? பழுது பார்ப்பதற்கு முன் கட்டடத்தில் எதையெல்லாம் பார்த்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்?

---

மறுமொழி: ஓய்வுபெற்ற பொறியாளர், குன்னூர்

வணக்கம் தம்பி. அளந்து எழுதியதற்கு முதலில் பாராட்டு. 'மிகப் பழைய கட்டடம்' என்று மட்டும் எழுதுகிறவர்களுக்கு யாராலும் உதவ முடியாது.

முதலில் அந்த 1865. மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கிய ஆண்டு அது. தொழிற்சாலை தோன்றிய ஆண்டைத்தான் ஓட்டில் பதித்தார்கள், அந்த ஓடு சுடப்பட்ட ஆண்டை அல்ல. ஆகவே உங்கள் ஹால் 1865-க்குப் பிறகு ஓடு வேயப்பட்டது என்பதற்கு மேல் அந்த எண்ணிலிருந்து எதையும் பெற முடியாது. ஆனால் எண்ணைவிடப் பெயர் அதிகம் சொல்லும். முதல் உலகப் போருக்குப் பிறகு அந்தத் தொழிற்சாலைகள் மிஷனின் கையைவிட்டுக் காமன்வெல்த் டிரஸ்ட் என்ற நிறுவனத்துக்குப் போய்விட்டன. எந்தச் சரிவில் எந்தப் பெயர் கொண்ட ஓடு இருக்கிறது என்று ஏணி வைத்துப் பாருங்கள். இரண்டு பெயர்களும் இருந்தால் கூரை ஒரு முறையாவது பாதி மாற்றப்பட்டிருக்கிறது என்று பொருள்.

ஓடுகள் வந்த வழியையும் நினைத்துப் பாருங்கள். போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வந்தது 1873-இல். மலை ரயில் குன்னூரை எட்டியது 1899 ஜூன் மாதத்தில். அதற்கு முன்பெல்லாம் ஒவ்வோர் ஓடும் மாட்டு வண்டியில்தான் மலையேறியது. உங்கள் அளவுகளைக் கொண்டு கணக்கிட்டால் அந்தக் கூரைக்குக் குறைந்தது 2,000 ஓடுகளாவது தேவைப்பட்டிருக்கும். எடை 5 டன்னுக்குக் குறையாது. ரயிலுக்கு முன் ஒரு சிற்றூரில் இவ்வளவு ஓட்டை ஏற்றிக் கூரை போட்டிருந்தால், பின்னால் பணமுள்ள ஒரு கை இருந்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் மலையில் பல கட்டடங்களுக்கு முதலில் புல்லோ தகரமோ வேய்ந்து, பிற்பாடு ஓடு மாற்றியதும் உண்டு. எனவே கூரை ஓட்டின் வயது வேறு, சுவரின் வயது வேறாக இருக்கலாம்.

மரத்தை வைத்தும் அவசரப்பட்டு வயது சொல்லாதீர்கள். உதகை புனித ஸ்டீபன் தேவாலயத்துக்கு 1829-இல் அடிக்கல் நாட்டினார்கள். ஆனால் அதன் பெரிய தேக்கு விட்டங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் லால்பாக் அரண்மனையிலிருந்து கொண்டுவரப்பட்டவை. கட்டடத்தைவிட மரம் மூத்தது. மரத்தை விட்டுவிட்டு அதில் அடித்திருக்கும் ஆணியைப் பாருங்கள். தண்டு சதுரமாக இருந்தால் பழைய வெட்டு ஆணி. உருண்டையாக இருந்தால் கம்பியிலிருந்து செய்த பிற்கால ஆணி. இரும்பு உத்திரம் ஏதாவது இருந்தால் துரு சுரண்டி அதில் உள்ள எழுத்தைப் படியுங்கள். டாட்டா என்று இருந்தால் 1912-க்குப் பிந்தியது; ஜம்ஷெட்பூரில் எஃகு வார்க்கத் தொடங்கியதே அந்த ஆண்டில்தான். சில இடங்களில் பழைய தண்டவாளத்தையே வாசல் விட்டமாக வைத்திருப்பார்கள். தண்டவாளத்தின் பக்கவாட்டில் உருட்டிய ஆலையின் பெயரும் ஆண்டும் புடைப்பாக இருக்கும்.

சுவர் 21 அங்குலம் என்கிறீர்கள். ஒன்பது அங்குலச் செங்கல் நீளவாக்கில் இரண்டு, இடையில் சாந்து, இருபுறமும் ஓர் அங்குலப் பூச்சு: கணக்கு சரியாக வருகிறது. நல்ல, நேர்மையான சுவர்.

இப்போது கூரைச் சட்டகம். நடுவில் ஒற்றைக் கட்டை இருப்பதால் அது கிங் போஸ்ட் வகை. 24 அடி அகலத்துக்கு மிகப் பொருத்தமானது. 30 அடியைத் தாண்டினால் இரண்டு கட்டைகள் கொண்ட குயின் போஸ்ட் வகைக்குப் போயிருப்பார்கள். இதில் ஒன்றை எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அந்த நடுக்கட்டை தூண் அல்ல. கூரையைக் கீழிருந்து தாங்குவதில்லை. மேலே இரண்டு கைமரங்களும் ஒன்றையொன்று நெருக்கும் இடத்தில் அது தொங்குகிறது. தொங்கியபடி கீழேயுள்ள நீண்ட விட்டத்தைத் தொய்யாமல் தூக்கிப் பிடித்திருக்கிறது. அடியில் 'ப' வடிவ இரும்புப் பட்டை ஒன்று விட்டத்தைச் சுற்றி வந்து கட்டையோடு இறுகியிருக்கும். அந்தப் பட்டையின் ஆப்பு தளர்ந்திருக்கிறதா, விட்டத்தின் இரு முனைகளும் சுவருக்குள் புகும் இடத்தில் மரம் இற்றிருக்கிறதா என்று பாருங்கள். சிறிய திருப்புளியால் குத்தினால் தெரிந்துவிடும். முனை நன்றாக இருந்தால் அந்தக் கூரை இன்னும் பல தலைமுறைக்கு நிற்கும்.

தகரம் வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 5 டன் ஓடு அந்தச் சட்டகத்தைச் சுவரோடு அழுத்திப் பிடித்திருக்கிறது. அந்தப் பாரத்தை இறக்கிவிட்டு இலேசான தகரத்தைப் போட்டால், பள்ளத்தாக்கிலிருந்து மேலேறி அடிக்கும் காற்று கூரையைத் தூக்கப் பார்க்கும். தனியாக இரும்புக் கம்பி போட்டுச் சுவரோடு கட்ட வேண்டிவரும். மேலும் ஐப்பசி மழை தகரத்தில் விழும்போது மேடையில் பேசுகிறவரின் குரல் இரண்டாவது வரிசைக்குக்கூடக் கேட்காது.

கடைசியாக ஒரு வேலை. வெளிப்புறமாகச் சுற்றிவந்து, கருங்கல் அடித்தளத்தில் சிறு சிறு காற்றுத் துளைகள் தெரிகின்றனவா என்று பார்த்து எழுதுங்கள். பலகைத் தளம் இருந்தால் அதன் அடியில் வெற்றிடம் இருக்கும். அது மூச்சுவிட வழி இருந்தாக வேண்டும். உங்கள் ஈரத்துக்கும் அமுங்கும் பலகைக்கும் காரணம் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

---

மறுமொழி: ஏடும் எழுத்தும்

ஆவணங்களைத் தேடும் வழியை மட்டும் சொல்கிறேன். நீலகிரியில் பலர் தவறான மாவட்டத்துக் கட்டுகளைப் புரட்டிக் காலத்தை வீணாக்குகிறார்கள். இந்த மலை முதலில் கோயம்புத்தூர் மாவட்டத்தோடு இருந்தது. 1830 முதல் 1843 வரை இதன் பெரும்பகுதி மலபாரோடு சேர்க்கப்பட்டிருந்தது. 1868-இல்தான் தனியாகப் பிரிந்து ஆணையர் ஒருவரின் கீழ் வந்தது. பிரீக்ஸ் முதல் ஆணையர். உங்கள் ஹால் 1868-க்கு முந்தியது என்று தோன்றினால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கோயம்புத்தூர்க் கட்டுகளைக் கேட்க வேண்டும். பிந்தியது என்றால் நீலகிரிக் கட்டுகள்.

உதகையும் குன்னூரும் 1866-இலேயே நகராட்சிகள் ஆகிவிட்டன. அந்த நிலைக்கு வராத சிற்றூர்களின் பொதுக் காரியங்கள் 1884-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டப்படி அமைந்த வாரியங்களின் பொறுப்பில் இருந்தன. எனவே வாரியத் தீர்மானங்களில் 'வாசக சாலை', 'பொது அறை', 'சத்திரம்' என்ற தலைப்புகளிலும் தேடுங்கள். நாம் இன்று ஹால் என்பதை அன்று அதே பெயரில் குறித்திருப்பார்கள் என்று கொள்ள வேண்டியதில்லை.

விக்டோரியா அரசியின் ஆட்சி விழாக்கள் 1887-லும் 1897-லும் வந்தன. சமவெளியில் அந்தக் காலத்தில் பெருமண்டபங்கள் எழுந்தன. கோவையில் 1892-இல் கட்டிய விக்டோரியா மண்டபத்தால்தான் அந்தப் பகுதிக்கே டவுன்ஹால் என்று பெயர் நிலைத்துவிட்டது. உங்கள் சுவரில் இரண்டடிப் பலகைக்கு இடம் விட்டிருப்பதைப் பார்த்தால், யாரோ ஒருவரின் நினைவாகவோ நன்கொடையாகவோ கட்டியிருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் அந்தத் தடம் பூச்சின் மேல் இருக்கிறதா, செங்கல்லிலேயே பள்ளமாக இருக்கிறதா என்பதைப் பாருங்கள். செங்கல்லில் பள்ளம் இருந்தால் பலகை கட்டடத்தோடு பிறந்தது. பூச்சின் மேல் மட்டும் இருந்தால் பிற்பாடு பதித்தது.

---

மறுமொழி: படுகைக்காடு டீச்சர்

உங்கள் பதிவைப் படித்ததும் அது எந்த ஹால் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. 1970-களில் நான் அதில் ஆண்டுவிழா நாடகம் நடித்திருக்கிறேன். கணப்படுப்புக்கு மேலே மரத்தில் செதுக்கிய திண்டு ஒன்று இருக்கும். சிறுமிகள் எங்கள் தலைப்பூக்களை அதன்மேல் கழற்றி வைப்போம். அது இன்னும் இருக்கிறதா?

கட்டடக்கலை எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் எழுதி வைக்கும் வரலாற்றில் ஒன்றைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்கள் மலைக்கு வந்து சேர்ந்தபோது, சில குடும்பங்கள் வீடு கிடைக்கும்வரை அந்த ஹாலில்தான் படுத்திருந்தன. அவர்களுக்காகத்தான் 1968-இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. என் வகுப்புத் தோழி ஒருத்தி அந்தப் பலகைத் தளத்தில் மூன்று மாதம் தூங்கியதாகச் சொல்வாள். தரை குளிரவில்லை என்பதையே அவள் திரும்பத் திரும்பச் சொல்வாள். 2009 நவம்பர் மழையில் மலைச்சரிவு வந்தபோதும் ஊரார் ஒதுங்கியது அங்கேதான். பலகையை எடுத்துவிட்டு டைல்ஸ் போட்டால் அடுத்த மழையில் குழந்தைகளை எதன்மேல் படுக்க வைப்பார்கள்?

வாசலில் எடுத்த குழுப் புகைப்படம் ஒன்று என் அக்கா வீட்டில் இருக்க வேண்டும். சுவரில் கல்வெட்டுப் பலகை இருந்த காலத்தது. கிடைத்தால் பதிவேற்றுகிறேன்.

---

மறுமொழி: சுண்ணக்காரை

நாங்கள் மேட்டுப்பாளையத்துக்காரர்கள். அப்பா காலத்திலிருந்து சுண்ணாம்பு வேலை செய்கிறோம். நீலகிரியில் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை, சுண்ணாம்புக்கல் கிடையாது. பழைய கட்டடத்துச் சுண்ணாம்பெல்லாம் கீழேயிருந்து ஏறியதுதான். அவ்வளவு பாடுபட்டுப் பூசியதைக் கொத்தி எறியச் சொல்கிறார்களே என்று மனம் பதைக்கிறது.

இடுப்பளவு ஈரம் ஏறியிருக்கிறது என்றால், கீழ்ப்பகுதியில் ஏற்கெனவே யாரோ சிமென்ட் பூசியிருக்கிறார்கள் என்று அடித்துச் சொல்வேன். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்ளே வாங்கும், வெயில் வந்தால் வெளியே விட்டுவிடும். சிமென்ட் விடாது. வழி அடைபட்ட ஈரம் மேலே ஏறிச் சிமென்ட் முடியும் இடத்தில் உப்பாகப் பூக்கும். உப்புப் பூத்த கோட்டுக்குக் கீழே நாணயத்தால் சுரண்டிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் கீறல் விழாமல் இருந்தால் சிமென்ட். வெள்ளையாக மாவு உதிர்ந்தால் சுண்ணாம்பு.

பழைய சிமென்ட்டை முழுவதும் எடுக்க வேண்டும் என்று அடுத்து யாராவது சொல்வார்கள். அதிலும் நிதானம் வேண்டும். தட்டினால் வெற்றுச் சத்தம் கேட்கும் இடத்தில் மட்டும் எடுங்கள். இறுகிப் பிடித்திருக்கும் இடத்தில் உளி வைத்தால் செங்கல்லின் முகமும் சேர்ந்து பெயர்ந்துவிடும். முகம் போன செங்கல் பஞ்சு மாதிரித் தண்ணீர் குடிக்கும்.

புதுப்பூச்சுக்கு, நீற்றிய சுண்ணாம்பைக் குறைந்தது மூன்று வாரமாவது தண்ணீருக்குள் ஊறவிட வேண்டும். பிறகு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். கடைசிக் கைக்குக் கடுக்காய்த் தண்ணீர் சேர்ப்போம். பருவத்தில்தான் கவனம் வேண்டும். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்து மெதுவாகக் கல்லாகிறது. சிமென்ட் போல மறுநாள் இறுகாது. மார்கழி உறைபனியில் ஈரப்பூச்சு உறைந்தால் பொருக்காக உதிர்ந்துவிடும். உங்கள் பக்கத்தில் மாசியில் தொடங்கிச் சித்திரைக்குள் முடிப்பது நல்லது. நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு ஒரு வாரம் வெயில் நேராகப் படாமல் காக்க வேண்டும். நிதியாண்டு முடிவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்று நெருக்குவார்கள். அதை ஊர்க்கூட்டத்திலேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

---

கேட்டவரின் மறுமொழி: தேயிலைமேடு

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை நானும் நண்பர்கள் மூவரும், எங்கள் ஊர் ஆசாரி ஒருவரும் காலையிலிருந்து மாலை வரை ஹாலிலேயே இருந்தோம். பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

பொறியாளர் ஐயா சொன்ன காற்றுத் துளைகள் பின்புறச் சுவரில் தெரிகின்றன. முன்புறத்தில் ஒன்றுகூடக் காணவில்லை. படிக்கட்டிலிருந்து வாசல்வரை போட்ட கான்கிரீட் நடைபாதையின் ஓரத்தை ஆசாரி கடப்பாரையால் சிறிது நெம்பினார். உள்ளே மண்ணோடு சேர்ந்து வார்ப்பிரும்புச் சல்லடை ஒன்று தெரிந்தது. அது தரைமட்டத்துக்கு ஏழு அங்குலம் கீழே இருக்கிறது. நடைபாதையை உயர்த்தியவர்கள் முன்புறத்து ஆறு துளைகளையும் மூடியிருக்கிறார்கள். அந்தச் சல்லடையைத் துடைத்தபோது அதன் பின்னாலிருந்து வந்த புழுங்கல் வாடையை எங்களால் பொறுக்க முடியவில்லை. மேடைப் பக்கத்தில் ஒரு பலகையைத் தூக்கிப் பார்த்தோம். கீழே உள்ள தாங்குகட்டைகளில் நான்கு இற்றுவிட்டன. மற்றவை கல்லைப் போல இருக்கின்றன.

ஓடுகளில் இரண்டு பெயர்களும் இருக்கின்றன. தெற்குச் சரிவு முழுவதும் பாசல் மிஷன். மழை அடிக்கும் வடகிழக்குச் சரிவில் காமன்வெல்த் ஓடுகள் கலந்திருக்கின்றன. ஐந்து சட்டகங்களிலும் சதுர ஆணி. ஆனால் மேடைக்கு மேலே உள்ள சரிவுக் கூரையில் உருண்டை ஆணி. மேடைக்குப் பின்னால் உள்ள சிறுவாசலின் மேல்விட்டம் மரம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தோம். சாயத்தைச் சுரண்டினால் அது தண்டவாளம்! ஆலையின் பெயர் அரித்துப் போயிருக்கிறது. ஆண்டில் முதல் இரண்டு எண்கள், 1-ம் 9-ம், விரலால் தடவினால் தட்டுப்படுகின்றன. அடுத்த இரண்டு எண்கள் துருவோடு போய்விட்டன. ஆகவே மண்டபம் முதலில், மேடை 1900-க்குப் பிறகு என்ற அளவுக்கு எங்களுக்குத் தெளிவாகிவிட்டது. ஒரே ஆண்டைத் தேடிக்கொண்டிருந்தது தவறு என்று இப்போது புரிகிறது.

கல்வெட்டுப் பலகையின் தடம் பூச்சின் மேல்தான் இருக்கிறது. செங்கல்லில் பள்ளம் இல்லை. டீச்சர் அம்மாவின் புகைப்படத்தை ஆவலோடு எதிர்பார்க்கிறேன். நீங்கள் கேட்ட அந்தத் திண்டு அப்படியே இருக்கிறது. அதன் இடது ஓரத்தில் ஊக்கு குத்திய சிறு துளைகள் வரிசையாக இருக்கின்றன.

நாணயச் சோதனையும் செய்தோம். இடுப்புக்குக் கீழே சாம்பல் நிறம், மேலே வெள்ளை மாவு. புதன்கிழமை ஊர்க்கூட்டத்தில் இவற்றையெல்லாம் படங்களோடு வைத்தேன். தகரத்தையும் டைல்ஸையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நடைபாதையை வெட்ட ஒப்புக்கொண்டார்கள். எவ்வளவு ஆழம் வெட்டுவது என்று சொல்லுங்கள் ஐயா.

---

மறுமொழி: ஓய்வுபெற்ற பொறியாளர், குன்னூர்

மகிழ்ச்சி தம்பி. சல்லடையின் அடிவிளிம்புக்கு ஆறு அங்குலம் கீழே வரை, சுவரை ஒட்டி ஒன்றரை அடி அகலத்துக்கு வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் மீண்டும் கான்கிரீட் போடாமல் சல்லிக்கல் நிரப்பி, படிக்கட்டின் பக்கமாகத் தண்ணீர் ஓடும்படி வாட்டம் வையுங்கள். வெட்டும்போது அடித்தளக் கல்லில் கடப்பாரை படக்கூடாது. சுவரை ஒட்டிய கடைசி நான்கு அங்குலத்தைக் கையால் எடுக்கச் சொல்லுங்கள். இற்ற நான்கு கட்டைகளை மாற்றுவதற்கு முன் துளைகளைத் திறந்து ஒரு மாதமாவது விட்டு வையுங்கள். ஈரத்தோடு புது மரத்தைப் போட்டால் அதுவும் இற்றுவிடும். சுண்ணாம்பு பற்றி மேட்டுப்பாளையத்து நண்பர் சொன்னதில் மாற்றுவதற்கு எதுவுமில்லை. அந்தத் தண்டவாளத்தின் மேல் மட்டும் தயவுசெய்து மறுபடியும் சாயம் பூசவிடாதீர்கள். அடுத்த மாதம் அந்தப் பக்கம் வருகிறேன். சுண்ணாம்புக்கட்டியும் மெல்லிய தாளும் கொண்டுவருகிறேன், எண்களை ஒற்றி எடுத்துப் பார்ப்போம்.